பதினெட்டு அடி தள்ளி ஒரு அறை

திருத்தங்கல்
11.6.2025, புதன்

அன்புள்ள அத்தைக்கு,

சினேகா எழுதுகிறேன். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெம்பக்கோட்டையில் மாரிச்செல்விச் சின்னத்தை வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. போன முதல் வாரமே எழுதியிருக்க வேண்டும். ரொம்பத் தாமதம், மன்னியுங்கள்.

பட்டாசுக் கம்பெனியில் ரெண்டு ரூம் தள்ளி வெடித்ததிலிருந்து உங்களுக்குப் போனில் பேசினால் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம் என்று தொடங்க நினைத்தேன். அது பாதி உண்மை. என் பெயரைப் போனில் பார்த்ததும் நீங்கள் எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்பது மீதிப் பாதி.

உங்கள் பேத்தி வேல்விழி நன்றாக இருக்கிறாள். சுவரைப் பிடித்து நாலு எட்டு வைக்கிறாள். உங்கள் சேலை கொடியில் கிடந்தால் அதைப் பிடித்து இழுக்கிறாள்.

வீட்டு விஷயமாகத்தான் எழுதுகிறேன். கொத்தனார் ஊர்க்காவலன் ரெண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். உங்களுக்கென்று ஓர் அறை, சின்னச் சமையல் மேடை, கழிப்பறையோடு கட்டுவது என்று நாம் எல்லோரும் சேர்ந்து பேசியதுதானே. அவர் சொன்ன மூன்று வழிகளும் உங்களுக்குத் தெரியும். மாடியில் போடலாம், இந்த முழங்காலோடு நீங்கள் படியேற முடியாது. முன்னறையைத் தடுத்துத் தெருப்பக்கம் வாசல் வைக்கலாம்; நடுவீடு இருட்டாகிவிடும். அதனால்தான் பின்னால் பூவரச மரத்துப் பக்கம் தனியாகக் கட்டலாம் என்று சொல்லி, நானே படம் வரைந்து கொடுத்தேன். ரெண்டு வாசல் வைத்தது காற்றோட்டத்துக்கு. ஷீட் கூரை என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தால் பிள்ளை அழுகிற சத்தம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்காது.

சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று நீங்கள் அதற்குள் போய் நின்றீர்கள். ஒரு வாசல் கோட்டில் நின்று மறு வாசலைப் பார்த்தீர்கள். "நல்லா இருக்கு தாயி" என்றீர்கள். சாயங்காலம் பெட்டி கட்டிவிட்டீர்கள்.

சின்னத்தையின் கால் ஆபரேஷனுக்கு உதவியாகப் போயிருக்கிறீர்கள் என்றுதான் உங்கள் மகன் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். படத்தில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் எழுதுங்கள், மாற்றிவிடலாம். வண்டியில் அச்சக லோடு ஏற்றிக்கொண்டு புதனும் ஞாயிறும் அவர் அந்த வழியாகத்தானே போகிறார், அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் மருமகள்
சினேகா


வெம்பக்கோட்டை
15.6.2025

மருமக சினேகாவுக்கு அய்யம்மா எழுதுறது.

நல்லா இருக்கேன். மாரிச்செல்வி காலு தேவலை. கம்பெனி வேன் இங்கனக்குள்ளயும் வருது, வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கேன். நான் அறிவொளில எழுத்துப் படிச்சவ, ஒன்னய மாதிரி அழகா எழுத வராது. வந்த மட்டும் எழுதுறேன்.

படத்துல மாத்துறதுக்கு என்ன இருக்கு. அம்புட்டும் சரியாத்தான் போட்டிருக்க. ரெண்டு வாசல், ஒண்ணுக்கொண்ணு நேரா. கதவு ரெண்டும் வெளிய பாத்துத் தொறக்குது. கூரை லேசு. வாசலுக்கு வெளிய தண்ணித் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்துல மணல்னு ஓங் கையெழுத்துல இருக்கு. வீட்டுக்கும் அதுக்கும் பதினெட்டு அடி.

ஊர்க்காவலனுக்கு அது என்னன்னு தெரியாது, பாவம், அவன் வீடு கட்டுறவன். நான் இருவத்தஞ்சு வருசமா இந்த மாதிரி ரூமுக்குள்ள உக்காந்து வெடிக்கு மருந்து செலுத்துறவ. ரெண்டு வாசல் எதுக்குன்னா இங்கிட்டுப் பத்துனா அங்கிட்டு ஓடுறதுக்கு. கூரை லேசு எதுக்குன்னா வெடிச்சா மேல போயிரும், பக்கவாட்டுல அடிக்காது. தள்ளிக் கட்டுறது எதுக்குன்னா அடுத்த ரூம்ல இருக்கிறவுக பொழைக்கணும். சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள நின்னு பாத்தேன். அடுத்த ரூம் எதுன்னு தெரிஞ்சிருச்சு.

கம்பெனில ஒரு மருந்து ரூமுக்குள்ள நாலு பேரு வரைக்கும் விடுவாக. நீ ஒரு ஆளத்தான போட்டிருக்க, ரொம்பப் பாதுகாப்புத்தான்.

ஒரே ஒரு சந்தேகம் தாயி. கட்டில் எங்கன போடணும்? படத்துல கட்டிலக் காணமே.

கதிரவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல.

அய்யம்மா


திருத்தங்கல்
18.6.2025

அத்தை,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அடுப்பு மேடை இருக்கிறது. அலமாரி இருக்கிறது. கட்டில் இல்லை. மறந்துபோனேன் என்று எழுதலாம். நேற்று அப்படித்தான் ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன்.

கல்லூரியில் மூன்றாம் வருடம், வேதியியல் மாணவிகளை ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார்கள். எந்த அறை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், கதவு எப்படித் திறக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னதை நோட்டில் படத்தோடு குறித்து வைத்திருந்தேன். அந்த நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் உங்கள் அறையை வரைந்தேன். நம் இடத்துக்குத் தக்கபடி தூரத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன். தெரியாமல் செய்ததில்லை, அத்தை. ஊர்க்காவலன் கூட, "ஏம்மா, வயசானவுகள இம்புட்டுத் தள்ளியா போடுதீக, ராத்திரி கூப்புட்டாக் கேக்குமா" என்று கேட்டார். காற்றோட்டம் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

சித்திரை மாதம் ஒரு நாள் சாயங்காலம். பக்கத்தூர்க் கம்பெனியில் வெடித்து ஆறு பேர் போன அதே வாரம். நீங்கள் வேலைவிட்டு வந்து, குளித்து, உடுப்பு மாற்றி, பிறகுதான் பிள்ளையை வாங்கினீர்கள். என்றைக்கும் அப்படித்தான். நீங்கள் திருப்பிக் கொடுத்தபோது வேல்விழியின் காது மடலில் வெள்ளிக் கோடு போல ஒரு தீற்றல். உங்கள் நகக்கண்ணில் தங்கியிருந்த மருந்துப் பொடி. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பிள்ளை கதறக் கதறத் தேய்த்தேன். காது ரத்தச் சிவப்பாகிவிட்டது. நீங்கள் வாசலில் நின்றீர்கள். "தேங்காண்ணெய் தொட்டுத் தொடச்சா வந்துரும் தாயி, தோலு போகுது" என்றீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கோட்டளவு பொடியால் ஒன்றும் ஆகாது என்று சொல்லத் தெரியாமலா மூன்று வருடம் படித்தேன். தெரியும். தெரிந்துதான் தேய்த்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் பிள்ளையைக் கேட்கவே இல்லை. நானும் கொடுக்கவில்லை. ஒரு மாதம் அப்படியே ஓடியது. நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே அவளோடு பேசினீர்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தனி அறைப் பேச்சை நானே எடுத்தேன். உங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சொன்னேன். உங்கள் மகன் சந்தோஷப்பட்டார். "எங்கம்மாவ எம்புட்டு நெனக்க நீ" என்றார். அன்று என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் அவரிடம் நீங்கள் சொல்லாமல் இருப்பதற்கு நன்றி சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

சினேகா


வெம்பக்கோட்டை
22.6.2025

சினேகா,

லெட்டர் கெடச்சது. ரெண்டு தடவ படிச்சேன்.

நீ ஸ்டேப்ளர் அடிச்சு அனுப்புற, அவன் அதச் சட்டைப்பையில வச்சுக் கொண்டாந்து குடுக்கான். புதங்கிழம குடுக்கும்போது சிரிக்கான். "என்னம்மா, மாமியாளும் மருமகளும் லவ் லெட்டரா எழுதிக்கிடுதீக"ன்னு. மாரிச்செல்வி வேற, "ஏலே, ஒனக்குத்தான் ஒருத்தியும் எழுதல, பாத்தாவது சந்தோசப்படு"ங்கா. தன்னக் கொல்லுற காயிதத்த அவனே சொமந்துக்கிட்டுத் திரியான்.

பயந்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கும் பயந்தான். கம்பெனி வேன்ல ஏறுறப்ப நெதம் பயந்தான். அன்னைக்கி நகக்கண்ண ஒழுங்காத் தேய்க்காம விட்டது நாந்தான். பயமா இருக்கு அத்தன்னு மொகத்துக்கு நேராச் சொல்லியிருந்தா நானே பிள்ளையத் தள்ளித்தான் வச்சிருப்பேன். அதக் காத்தோட்டம்னு சொன்ன பாரு, அதான் எனக்குத் தாங்கல. அந்தச் சொல்லக் கேட்டதும் எனக்கு வேற என்னென்னமோ ஞாபகம் வந்துருச்சு.

நீயே அவன்கிட்டச் சொல்லு. சொல்லிட்டு எழுது. பெறவு எந்த ரூம், எங்கனன்னு பேசுவோம்.

அய்யம்மா


திருத்தங்கல்
27.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. எடுத்துக்கொண்டு போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சொன்னேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நோட்டையும் படத்தையும் முன்னால் வைத்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. "ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு, அதுக்கென்ன" என்றார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் விரலை வைத்தார். மணலில் வைத்தார்.

"எங்கம்மா என்ன மருந்தா?"

அவ்வளவு மெதுவாகக் கேட்டார், அத்தை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிள்ளையின் காதைச் சொன்னேன். என் பயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுவரில் இருக்கிற மாமாவின் படத்தைக் காட்டினார். "எங்கய்யா ஒடம்பெல்லாம் வெந்து கெடந்தாரு. மொகமே இல்ல. அவருகிட்ட ஊரே வர மூக்கப் பொத்துச்சு. எங்கம்மா ஒரு நாள், ஒரு பொழுது தள்ளி வைக்கல. மடியில போட்டுச் சோறு ஊட்டுனவ. அவள நீ பதினெட்டு அடி தள்ளி வைக்க." அதோடு சரி. நாலு நாளாகப் பேச்சில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறார், சாப்பிடுகிறார், போகிறார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. நீங்கள் மாமாவைப் பார்த்த விதத்தைக் கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள்தான் இந்தப் படத்தை வரைந்தேன்.

இனி அறையைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று எழுதுகிறேன், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஊர்க்காவலன் சொல்லாத நாலாவது வழி ஒன்று இருக்கிறது. அடுப்படிச் சுவரை ஒட்டிக் கிழக்கே பத்தடி இடம் சும்மா கிடக்கிறது. அந்தச் சுவரையே பொதுச் சுவராக வைத்துக் காங்கிரீட் தளம் போட்டு ஓர் அறை. அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதவு. பின்பக்கம் ஒரு குளியலறை. வேலைவிட்டு வந்தால் வெளியிலிருந்து நேராகக் குளியலறைக்குள் போய், கம்பெனிச் சேலையை அங்கேயே அவிழ்த்துப் போட்டு, குளித்துவிட்டு, உள்பக்கமாக உங்கள் அறைக்கு வந்துவிடலாம்.

இருபத்தைந்து வருடமாக நீங்கள் கொல்லையில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு குளிக்கிறீர்கள். மழையிலும் அப்படித்தான். நான் வந்து மூன்று வருடமாகிறது, தினமும் பார்க்கிறேன். உங்களைத் தள்ளி வைக்க எனக்குத் தோன்றியது. குளிக்க ஓர் இடம் கட்டத் தோன்றவில்லை.

பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போகவில்லை. நீங்கள் கேட்டபடி நேராகச் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது. பிள்ளைக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும்தான் என்று எழுதினால் இப்போது யார் நம்புவார்கள்.

சினேகா


வெம்பக்கோட்டை
1.7.2025

சினேகாவுக்கு,

இது ஒனக்கு மட்டும். படிச்சிட்டுக் கிழிச்சிரு.

எங்க வீட்டுக்காரரு சீனிச்சாமி தீப்பட்டப்ப கதிரவனுக்கு நாலு வயசு. ஆசுபத்திரியில ரெண்டு மாசம் கெடந்து வீட்டுக்கு வந்தாரு. அப்ப இந்த வீடு கெடையாது, ஒத்தக் குடிசை. கட்டுத் துணிய அவுத்துட்டு மகனக் கூப்புட்டாரு. அவன் பாத்துட்டுப் போட்ட சத்தம் இப்பவும் இந்தப் பாதிக் காதுல கேக்கு. மூணு நாளு காச்சல். ராவெல்லாம் ஒளறுனான்.

நாலாம் நாளு நாந்தான் சொன்னேன். "பிள்ள பயப்படுதான், புண்ணு ஆறுற வரைக்கும் நீங்க கொஞ்சம் பின்னால இருங்க"ன்னு. பூவரச மரத்தடியில கீத்துக் கொட்டகை போட்டுக் கட்டில வெளிய எடுத்துட்டுப் போனோம். அவரே ஒரு பக்கம் புடிச்சாரு. ஊர்ல கேட்டாக. தீப்புண்ணுக்குக் காத்து வேணும்னு டாக்டர் சொன்னாருன்னு சொன்னேன். எந்த டாக்டரும் சொல்லல.

சோறு ஊட்டுனது நெசந்தான். பிள்ள தூங்குன பெறவு போயி ஊட்டுவேன். புண்ணு ஆறிருச்சு. நான் உள்ள வாங்கன்னு கூப்புடல. இன்னைக்கிக் கூப்புடுவோம், நாளைக்கிக் கூப்புடுவோம்னு இருந்தேன். அவரும் கேக்கல. ரெண்டு வருசம் அங்கனயே இருந்தாரு, அங்கனயே போயிட்டாரு.

கதிரவனுக்கு இதெல்லாம் ஞாபகமில்ல. பெரியவனானப்ப அவன் கேட்டான், அய்யாவ நீதானம்மா பாத்துக்கிட்டன்னு. ஆமான்னேன். பெறவு அவனே ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நான் மறுத்துச் சொல்லல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

நீ சுண்ணாம்புக் கோடு போட்டது அதே எடம். ஓம்மேல கோவத்துல மட்டும் நான் பெட்டி கட்டல தாயி. அந்தக் கோட்டுக்குள்ள நின்னு வீட்டப் பாத்தப்ப, அவரு கட்டில்ல இருந்து பாத்தா வீடு இப்பிடித்தான் தெரிஞ்சிருக்கும்னு தோணுச்சு. அடுப்படி வெளிச்சம் தெரியும். உள்ள பேசுறது கேக்கும். வாசப்படி மட்டும் தெரியாது. எனக்கு அங்கன நிக்க முடியல.

ஒன்ட்ட அம்புட்டு வாய் பேசி எழுதினேன். எழுதும்போதே கை கூசுச்சு.

அய்யம்மா


திருத்தங்கல்
3.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

படித்தேன். நீங்கள் சொன்னபடி கிழித்துவிட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, ஆறுதல் சொல்ல வயதுமில்லை.

ஆனால் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. நேற்று அவர் என்னோடு பேசினார். பேசினார் என்றால், பிள்ளையைப் பார்த்துப் பேசினார். "எங்கம்மா வராம இந்த வீட்டுல ஒரு கல்லும் வைக்கக் கூடாதுன்னு ஒங்கம்மாட்டச் சொல்லு" என்றார். நான் பிள்ளையிடமே, "சரின்னு ஒங்கப்பாட்டச் சொல்லு" என்றேன். வேல்விழி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு மாமா படத்துக்குப் பூப் போட்டார். "அம்மாவ நாம மறுபடி உள்ள கூட்டிட்டு வரணும்யா" என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முன்பு என் தப்புக்காக அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது. இப்போது உங்களுக்காகவும் பார்க்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டியபோது உங்களைத்தான் திட்டியிருக்கிறார், அது அவருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு எதிரில் நிற்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ஊர்க்காவலன் திங்கட்கிழமை காலை வருகிறார். பின்னால் போட்ட சுண்ணாம்புக் கோட்டை நான் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டேன். புதுக் கோடு எங்கேயும் போடவில்லை.

நீங்கள் வருவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

சினேகா


வெம்பக்கோட்டை
5.7.2025

சினேகாவுக்கு அத்த எழுதுறது.

தபால்ல போட்டா நாளாகும்னு கம்பெனி வேன் டிரைவர்ட்டக் குடுத்து விடுறேன். திருத்தங்கல் காரருதான், நல்ல மனுசன். படிக்க மாட்டாரு. படிச்சாலும் படிச்சிட்டுப் போறாரு.

நாளைக்கி ஞாயித்துக்கெழம காலைல வாறேன். கதிரவன வண்டி கொண்டாரச் சொல்லாத, பஸ்ல வந்துக்கிடுவேன்.

நீ எழுதுன நாலாவது வழியிலயே கட்டுங்க. அடுப்படிச் சுவத்த ஒட்டி. குளிக்கிற ரூமுக்குள்ள சோப்புத் திட்டு ஒசரமா வேணாம், எனக்குக் கை தூக்க முடியாது. வடக்க ஒரு சன்னல் போதும். கட்டி முடியுற வரைக்கும் நான் நடுவீட்டுல ஒரு ஓரமாப் படுத்துக்கிடுதேன். பிள்ளையத் தூக்குறத நாம ரெண்டு பேரும் அன்னன்னைக்கி மொகம் பாத்துப் பேசிக்கிடுவோம். ஒனக்குப் பயமா இருக்கிற அன்னைக்கிச் சொல்லு, நான் தூக்கல. கோவிச்சுக்கிட மாட்டேன்னு சொல்ல மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் பெட்டி கட்ட மாட்டேன்.

ஆனா நான் வாறது ரூமுக்காக இல்ல.

கதிரவன உக்கார வச்சுச் சொல்லப் போறேன். அவன் அழுததால அய்யாவ வெளிய போட்டம்னு அவன் நெனச்சிரக் கூடாது. அதுக்குத்தான் இம்புட்டு வருசமாச் சொல்லலன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன். அதுவும் ஒரு சாக்குத்தான். அவன் அழுதான், ஒரு வாரத்துல மறந்துட்டான். கூப்புடாம விட்டது நான். அத நான் வாயத் தொறந்து சொன்னாத்தான் அவனுக்கு அவுக அய்யா கெடைப்பாரு. இப்ப அவன் பூப் போடுறது எம் பொய்க்கு.

நான் சொல்லும்போது நீ அடுப்படிக்குள்ள போயிக் கதவச் சாத்திராத. பக்கத்துல உக்காரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிட்டா கொஞ்சம் தண்ணி குடு, வேற ஒண்ணும் நீ பேச வேணாம்.

அவன் எந்திரிச்சுப் போயிருவான். எனக்குத் தெரியும், அவுக அய்யா மாதிரிதான், சத்தம் போட மாட்டான். ஒரு வாரமோ பத்து நாளோ ஏங்கூடயும் பேச மாட்டான், ஓங்கூடயும் பேச மாட்டான். ஒல வைக்கும்போது அவனுக்கும் சேத்தே வைய்யி. அவன் பேசுற வரைக்கும் நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்போம்.

அய்யம்மா